வாளையாருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

மச்சினனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. சிங்காநல்லூர் பக்கம் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. சொந்த ஊர் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. பாகம் பிரித்ததில் வீடு தம்பி பங்குக்குப் போய்விட்டதால், எப்படியும் வாடகை வீடு பார்த்தாக வேண்டும். மனைவிக்குப் பாலக்காடு டவுனில் ஒரு லேபில் வேலை. மகள் ஐந்தாவது முடித்திருக்கிறாள், மகன் எல்.கே.ஜி. முடித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான்:

"மாமா, குடும்பத்தோட கோயம்புத்தூருக்கே போயிரலாங்களா? இல்ல பாலக்காட்டுல வீடு பார்த்துட்டு நான் மட்டும் டிரெயின்ல போய்ட்டு வரட்டுங்களா? எதுல செலவு கம்மி?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் இரண்டு பக்கமும் குடியிருந்தவன். 2015 முதல் 2021 வரை குனியமுத்தூர், அதற்கப்புறம் இங்கே பாலக்காட்டில் சந்திரநகர். போகும்போதும் பணம் விட்டேன், திரும்பி வரும்போதும் விட்டேன். எங்கெங்கே விட்டேன் என்று ஒரு டைரியில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

அவன் அதற்கு முன்பே இரண்டு ஊர்களின் செலவை ஒப்பிட்டுச் சொல்கிற இணையதளம் ஒன்றில் தேடிப் பார்த்திருந்தான். கப்புச்சினோ விலை, ஜிம் கட்டணம், சினிமா டிக்கெட் எல்லாம் சேர்த்து இத்தனை சதவீதம் வித்தியாசம் என்று அது ஒரு கணக்குச் சொல்கிறது. அவனும் நானும் இதுவரை கப்புச்சினோ குடித்ததில்லை. பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவலாம். எங்களுக்கு நடுவில் இருப்பது ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். தக்காளி இரண்டு ஊருக்கும் ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்துதான் ஏறுகிறது. கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமையோடு குடிக்கிற சிறுவாணித் தண்ணீரே பாலக்காட்டு மாவட்டத்து அணையிலிருந்துதான் போகிறது. காய்கறியும் தண்ணீரும் மாநில எல்லையான வாளையாரைத் தாண்டுவதால் மாறிவிடுவதில்லை. ரேஷன் கார்டு, வண்டி நம்பர், பள்ளிக்கூடத்து இரண்டாம் மொழி, இவை மாறும். பணம் போவது அதிலேதான். மச்சினனுக்கு நான் சொன்னதும் அதைத்தான். ஆனாலும் அவன் கேட்டது விலைவாசி என்பதால் அங்கிருந்தே தொடங்கினேன்.

வாடகை

குனியமுத்தூரில் கடைசியாக நான் கொடுத்த வாடகை 11,500, அட்வான்ஸ் 70,000. அதே தெருவில் அதே மாதிரி இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு இப்போது 15,000 கேட்கிறார்கள். சந்திரநகரில் நான் கொடுப்பது 10,000, அட்வான்ஸ் 40,000. ஒலவக்கோடு ஸ்டேஷன் பக்கம் இன்னும் கொஞ்சம் குறையும். மேலுக்குப் பார்த்தால் மாதம் ஐயாயிரம் மிச்சம்.

வீட்டோடு என்னென்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டில் வாடகை வீடு என்றாலும் பெரும்பாலும் ஒரு கிணறு இருக்கும். சுற்றுச்சுவருக்குள் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலைச் செடி. தேங்காயை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டாலும் முருங்கைக்கீரை நமக்குத்தான். குனியமுத்தூரில் எங்களுக்கு நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய். நல்ல தண்ணி வருகிற நாளில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்து பிடித்து வைக்க வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்கு மாடி வீடு, கீழ் வீடு எல்லாரும் பங்கு போட்டுக் கொடுப்போம். உப்புத் தண்ணியில் குளித்து என் தலையில் முடி கொட்டியதைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

கரண்டும் பாலும்

கரண்ட் பில்லில் தமிழ்நாடுதான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கேரளத்தில் என்னைப் போன்ற நடுத்தர வீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. இரண்டு மாதத்தில் 400 யூனிட் எரிக்கிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமீபத்திய கட்டணப்படி அங்கே பில் 1,200-க்குள் நிற்கும். இங்கே யூனிட் கட்டணமே 2,000 வந்துவிடும், அதன்மேல் ஃபிக்சட் சார்ஜும் வரியும் ஏறும். இரண்டு பக்கமும் தாண்டக் கூடாத கோடு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நடு அடுக்கில் கிடைக்கிற மலிவு விலை போய்விடும். கேரளத்தில் மாதம் 250-ஐத் தாண்டினால் அடுக்கு முறையே போய், எரித்த மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. பாலக்காட்டு வெயிலுக்கு ஏ.சி. போட்டால் 250 என்பது பெரிய தூரம் இல்லை. 2024 ஏப்ரலில் இங்கே வெப்ப அலை என்று வானிலைத் துறையே அறிவித்தது. கோயம்புத்தூர் நானூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் ராத்திரி ஃபேன் போதும். இங்கே மே மாதம் விடியற்காலை நாலு மணிக்கும் சுவர் சூடாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. அந்த 100 இலவச யூனிட் வாடகைக்காரன் கைக்கு வந்து சேருமா என்பது வீட்டுக்காரரைப் பொறுத்தது. என் குனியமுத்தூர் வீட்டில் சப் மீட்டர். மாடியில் இருந்த எனக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வீட்டுக்காரர் தன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வார். அரசாங்கம் கொடுத்த சலுகை கீழ் வீட்டோடு நின்றுவிட்டது. அதனால் மச்சினனிடம் முதலில் சொன்னது: "வீடு பார்க்கப் போனா கிச்சன் பார்க்கறதுக்கு முன்னால மீட்டரைப் பாரு. உனக்குன்னு தனி சர்வீஸ் நம்பர் இருக்கான்னு கேளு."

பாலில் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், 2021 முதல் அந்த விலை. மில்மாவின் நீல பாக்கெட் 2022 டிசம்பரில் 26 ஆனது. மச்சினன் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட். நாளுக்கு 18 ரூபாய், மாதத்துக்கு 540. வாடகையில் ஐயாயிரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டால் அதில் பத்தில் ஒரு பங்கைப் பாலே குடித்துவிடுகிறது.

எண்ணெய், அரிசி எல்லாம் நாக்கைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் மத்தியானம் மட்டை அரிசி, ராத்திரி பொன்னி. இரண்டு பக்கமும் இரண்டும் கிடைக்கும். தேங்காய் எண்ணெயில்தான் சமைப்பேன் என்கிறவர்களுக்கு 2025 நல்ல பாடம். அந்த ஆண்டு விலை ஏறிய ஏற்றத்தில் என் மாமியாரே அப்பளத்தைக் கடலை எண்ணெயில் பொரிக்கத் தொடங்கிவிட்டார். மீன் இங்கே நன்றாக இருக்கும். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் ஐந்து ரூபாய் கேரளத்தில் கூடுதல். 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு. எல்லையைத் தாண்டுகிற கே.எல். வண்டிகள் அந்தப் பக்கத்து முதல் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கைவேலைக் கூலி கேரளத்தில் அதிகம். ரிசர்வ் வங்கி வெளியிடுகிற மாநிலப் புள்ளிவிவரத்தில் தினக்கூலியில் கேரளம் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. கூலி வாங்குகிறவருக்கு அது நல்லது, கொடுக்கிற இடத்தில் நாம் இருந்தால்தான் உறைக்கும். குழாய் ஒழுகினால் குனியமுத்தூரில் ஆளைக் கூப்பிட்டேன், இங்கே ஸ்பானரை வாங்கி நானே பழகிக்கொண்டேன்.

செலவு என்று யாரும் எழுதிக்கொள்ளாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி போய்விட்டது. இங்கே மூலைக்கு மூலை மேஜை போட்டிருக்கிறது, நாளுக்கு ஒரு குலுக்கல். எங்கள் பெரியப்பா தினமும் ஒரு சீட்டு எடுப்பார், ஐம்பது ரூபாய். அது மாதம் ஆயிரத்தைந்நூறு என்று நான் கூட்டிச் சொன்ன அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

கார்டு எந்தப் பக்கம்?

இந்த இடத்தில் மச்சினன் கொஞ்சம் உற்சாகமானான். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011-லிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. இங்கே ஏறி உட்கார்ந்தாலே குறைந்தது 10 ரூபாய். அங்கே 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணி, "மாமா, வாடகையில போறது இதுல திரும்பி வந்துருதுங்களே" என்றான்.

திரும்பி வரும், கார்டு கைக்கு வந்த பிறகு. பஸ் மட்டும்தான் கார்டு கேட்காது. மற்றதெல்லாம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையைக் கேட்கும். அந்த அட்டைக்கு முதலில் கேரளத்து அட்டையில் பெயரை நீக்கி, அதற்கான சான்று வாங்க வேண்டும். பிறகு ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் என்றால் வீட்டுக்காரர் முகம் மாறும். இங்கே எல்லாவற்றுக்கும் அக்ஷயா சென்டரும் வில்லேஜ் ஆபீஸும், அங்கே இ-சேவை மையமும் வி.ஏ.ஓ. ஆபீஸும். பெயர்தான் வேறு, பெஞ்சு ஒன்றுதான். எனக்கு அட்டை வர ஒன்பது மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் ஒரு ஆபீசில் என் அப்பா பெயரின் இனிஷியல் சரியில்லை என்பதற்காகவே போனது. அதனால் முதல் வருஷத்துக்கு இந்தச் சலுகைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மாத பட்ஜெட் துண்டு விழும்.

ஒரே நாடு ஒரே ரேஷன் வந்துவிட்டதே என்று கேட்பார்கள். அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற கார்டுகளுக்கு. கேரளத்தில் மஞ்சள், ரோஸ் கார்டுக்காரர்கள் அந்த வகையில் எங்கேயும் தானியம் வாங்கலாம். மச்சினன் வைத்திருப்பது வெள்ளை கார்டு, அதற்கு இந்த வசதி இல்லை. தவிரவும், பிற மாநிலக் கார்டில் கிடைப்பது மத்திய அரசின் தானியம் மட்டும்தான். முப்பது ரூபாய்ப் பருப்பு கிடைக்காது.

கேரளத்துக் கார்டை விட்டால் என்ன போகும் என்பதையும் பார்க்க வேண்டும். மாவேலி ஸ்டோரில் கேரள அரசின் சப்ளைகோ மானிய விலையில் கொடுக்கிற 13 சாமான், ஓணம் சந்தை, காருண்யா மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி இருந்தால் அது. தமிழ்நாட்டிலும் முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது, ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரனான மச்சினன் இரண்டிலும் வரமாட்டான். பெரிய வைத்தியம் என்றால் பாலக்காட்டுக்காரர்கள் பாதிப் பேர் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். அந்தச் செலவில் எங்கே குடியிருந்தாலும் வித்தியாசம் இல்லை.

வண்டி நம்பர்

குனியமுத்தூருக்குப் போனபோது என் பைக் கே.எல். 70, சிற்றூர் நம்பர். எல்லையில் பிறந்தவர்களுக்கு இந்த நம்பரெல்லாம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஒரே நாளில் இரண்டு தடவை போய் வருகிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்றிருந்தேன். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஒரு நாள் காலை சோதனையில் நிறுத்தி, "சார், எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டார்கள். நான் அப்பாவியாக உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். வண்டி மேல் இருந்த கடன் முடிந்ததற்கு வங்கியிலிருந்து கடிதம், கேரளத்திலிருந்து தடையில்லாச் சான்று, அதற்குப் படிவம் 28. பிறகு தமிழ்நாட்டில் வரி கட்டி டி.என். நம்பர். கேரளத்தில் ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் இன்னும் நாலு நாள் லீவு போகும் என்று நான் விட்டுவிட்டேன். 2021-இல் திரும்பி வந்தபோது அதே பைக்கைத் திரும்பவும் கே.எல். ஆக்கினேன். இரண்டு தடவைக்கும் லீவுக் கணக்கைச் சேர்க்காமல் பத்தாயிரத்துக்குப் பக்கம். அந்தப் பைக்கைப் பிறகு பதினெட்டாயிரத்துக்கு விற்றேன்.

மச்சினனிடம் பைக்கோடு ஒரு காரும் இருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் செல்லுகிற பி.எச். நம்பர் வாங்கினால் மாற்ற வேண்டாமே என்றான். அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனி ஊழியர்களுக்கும்தான். அவன் கம்பெனிக்கு ஆபீஸ் சிங்காநல்லூரில் மட்டும்.

பிள்ளைகளின் மொழி

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த என் வீட்டுக்காரி இங்கேதான் வாய் திறந்தாள். "தம்பி, வாடகை பாலு எல்லாம் அப்புறம் பாரு. அந்தப் புள்ளைக்கு மலையாளம் எழுத வைக்க நான் பட்ட பாட்டை முதல்ல கேளு."

எங்கள் மகள் ஐந்தாவது வரை கோயம்புத்தூரில் படித்தாள். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயம். எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை, வீட்டு மொழி. ஆறாவதுக்குப் பாலக்காட்டில் சேர்த்தோம். கேரளத்தில் 2017-இல் இதே மாதிரி மலையாளத்துக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. அவளுக்கு மலையாளம் பேசத் தெரியும், பாட்டி வீட்டுத் தெருவில் விளையாடிக் கற்றது. எழுத ஒரு எழுத்து தெரியாது. தமிழில் ஒரு 'க', ஒரு 'த' என்று பழகிய கைக்கு, மலையாளத்தில் ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து. முதல் பரீட்சைத் தாளில் 'கதை' என்பதற்கான மலையாளச் சொல்லை எழுதியிருந்தாள். இரண்டே எழுத்து. இரண்டாவது எழுத்தைச் சுற்றி டீச்சர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். அங்கே வர வேண்டியது அழுத்தி உச்சரிக்கிற 'த', இவள் போட்டது சாதாரண 'த'. "காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது?" என்று அழுதாள். மாதம் 1,200 ரூபாய் டியூஷன், இரண்டு வருஷம். 28,800 ரூபாய் என் டைரியில் இருக்கிறது. கிளாஸில் எப்போதும் முதல் மூன்றுக்குள் வந்தவள், அந்த இரண்டு வருஷம் எத்தனையாவது என்பதைக் கேட்காமலே இருக்கப் பழகிக்கொண்டதற்கு விலை எழுதவில்லை.

மச்சினன் மகளுக்கு இது அப்படியே தலைகீழ். இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் மொழி மலையாளம். தமிழ் சரளமாகப் பேசுவாள். கோயம்புத்தூர் பஸ் போர்டை எழுத்துக் கூட்டி "உக்... கடம்" என்று வாசிப்பாள். ஆறாவதில் தமிழ்ச் செய்யுளும் இலக்கணமும் வந்தால் என் மகள் பட்டதை அவள் படுவாள். சிற்றூர் தாலுகாவில் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிகள் உண்டு. அங்கே படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆனால் எங்கள் ஆட்கள் பலருக்கும் இங்கிலீஷ் மீடியம் என்ற பலகை தேவைப்படுகிறது. எனக்கும் தேவைப்பட்டது.

மகன் விஷயம் வேறு. யு.கே.ஜி. போகிற பையனுக்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து எழுத்து கையில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கே படித்திருந்தால் வெளிமாநிலப் பூர்விகம் தடையாகாது. ஆனால் பொதுப் பிரிவில்தான் இடம். கேரளத்துச் சாதிச் சான்றிதழை வைத்து அங்கே ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒன்பதாவதில் கொண்டுபோய்ச் சேர்த்தால் இரண்டும் கெட்டான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அதை நினைத்தால் இந்த ஜூனிலேயே அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மச்சினன் அதற்குத் தயாராக இல்லை, நான் வற்புறுத்தவும் இல்லை.

ரயிலில் போய் வந்தால்

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு ரயில் சீசன் டிக்கெட் எடுத்தால் ஒரு மாதத்துக்கு ஆகிற பணம், காரில் ஒரே ஒரு நாள் போய் வருகிற பெட்ரோல் காசைவிடக் குறைவு. காரில் போனால் பாம்பாம்பள்ளம் டோல் வேறு. அதனால் கார் என்ற பேச்சே வேண்டாம். மெமுவோ பாசஞ்சரோ பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆபீஸ் சிங்காநல்லூர் என்பதால் ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் என்று வையுங்கள். போக வர மூன்றரை மணி.

வாளையாருக்கும் மதுக்கரைக்கும் நடுவே காட்டுக்குள் ரயில் மெதுவாகப் போகும். யானை தண்டவாளம் தாண்டுகிற இடம். 2024 முதல் மதுக்கரைப் பக்கம் கேமரா வைத்து யானையைக் கண்டுபிடித்துச் சொல்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. சாயங்கால வண்டியில் சீசன்காரர்கள் அந்த இடத்தில்தான் சீட்டுக்கட்டை மூடுவார்கள், கஞ்சிக்கோடு வரப்போகிறது என்று கணக்கு. நான் குனியமுத்தூரிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு ஒன்றரை வருஷம் எதிர்த்திசையில் இப்படிப் போய் வந்தவன். சிரமம்தான், ஆனால் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று போன் வந்தால், அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் நிற்பது.

2020-இல் வாளையாரை அடைத்தபோது நான் அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். பாஸ் கிடைக்க நாலு நாள் ஆனது. அப்படி ஒன்று திரும்ப வராது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு அதற்கப்புறம் நான் எல்லை தாண்டிக் குடியிருப்பது பிடிக்கவில்லை. 2021-இல் நான் திரும்பி வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். அதை மச்சினனுக்கு ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

கூட்டிப் பார்த்தது

டைரியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதினோம். குடும்பத்தோடு கோயம்புத்தூர்: வாடகை 15,000, பால் 1,800, கரண்ட் தனி மீட்டராக இருந்தால் 600. பாலக்காடு: வாடகை 9,500, பால் 2,340, கரண்ட் 1,100, அவனுடைய சீசனும் பஸ்ஸும் ஸ்டேஷனில் வண்டி நிறுத்துவதும் டீயும் சேர்த்து 2,000. கோயம்புத்தூர் 17,400. பாலக்காடு 14,940. வித்தியாசம் இரண்டாயிரத்து நானூற்று அறுபது. அட்டை வந்த பிறகு அங்கே கிடைக்கிற பருப்பு, எண்ணெய், பஸ் எல்லாம் சேர்த்தால் அதிலும் பாதி போய்விடும். அதாவது விலைவாசி என்று நாள் முழுக்கப் பேசியது, கடைசியில் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு.

அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தவைதான் கனம். அவன் மனைவியின் லேப் சம்பளம் 16,000. கோயம்புத்தூர் போனால் அது நின்றுவிடும், இல்லை அவள் எதிர்ப்பக்கம் ரயில் ஏற வேண்டும். புது வேலை கிடைக்கும், லேப் இல்லாத ஊரா அது. ஆனால் இரண்டு மாதம் சும்மா இருந்தால் 32,000. அப்புறம் மகளின் தமிழ் டியூஷன், இரண்டு வண்டிக்கு மறுபதிவு, கூடுதல் அட்வான்ஸில் முடங்குகிற பணம். முதல் வருஷத்தில் குடும்பம் மாறுவதற்கே லட்சத்துக்குப் பக்கம் ஆகும். மாதச் செலவும் அங்கேதான் கூடுதல் என்பதால், அதை மிச்சம் பிடித்து எடுக்கவும் வழி இல்லை.

அதனால் நான் சொன்னது: இப்போதைக்குப் பாலக்காடு, ஸ்டேஷனுக்குப் பக்கம். வேலை நிலைக்கிறதா என்று ஒரு வருஷம் பார். நிலைத்தால் அடுத்த ஜூனில் முடிவெடு. பையனுக்கு ஒன்றாம் வகுப்பு, மகளுக்கு ஏழாவது. இந்த ஒரு வருஷம் மகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுதப் பழக்கு, அதற்கு டியூஷன் வேண்டாம், அக்கா சொல்லிக் கொடுப்பாள். அதற்கும் மேலே தள்ளினால் எட்டாவது தாண்டிவிடும், அப்புறம் பன்னிரண்டாவது வரை அசையக் கூடாது. கல்யாணமாகாத பையனோ, பள்ளிக்கூடம் போகாத குழந்தை உள்ளவர்களோ கேட்டிருந்தால் யோசிக்காமல் கோயம்புத்தூருக்கே போகச் சொல்லியிருப்பேன். மூன்றரை மணி நேரம் கையில் மிச்சமாவதே பெரிய சம்பளம்.

"நடுவுல கஞ்சிக்கோட்டுல இருந்தா என்னங்க மாமா?" என்று கிளம்பும்போது கேட்டான். கார்டும் மொழியும் நம்பரும் அங்கேயும் கேரளம்தான், ரயிலில் கால் மணி நேரம் குறையும், அவ்வளவுதான் என்றேன்.

ஒலவக்கோட்டில் 9,500-க்கு வீடு பிடித்துக் குடி வந்துவிட்டார்கள். கிணறு இருக்கிறது, முருங்கை இல்லை. போன வாரம் போயிருந்தேன். காருக்கு டி.என். நம்பர் வாங்குவதற்காக அவன் அவசரப்பட்டு பிரிண்ட் எடுத்து வைத்திருந்த படிவம் 28 ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் மாதச் சாமான் எழுதியிருந்தது. எழுதியது மகள். 'துவரம் பருப்பு' சரியாக இருந்தது. 'மிளகாய்த் தூள்' என்பதில் 'ள்' இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருந்தது.